பத்துக்குப் பத்து அறை: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

சொந்தக்காரர் வீடோ நண்பர் வீடோ, காபி குடித்து முடித்ததும் "இந்த ரூமைக் கொஞ்சம் வந்து பாரேன்" என்று உள்ளே கூட்டிப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் சென்னை வாடகை ஃப்ளாட்டின் பத்துக்குப் பத்து படுக்கையறை. ஒரு கட்டில், ஒரு பீரோ, மேலே ஒரு பரண், ஒரே ஒரு ஜன்னல். புகார்களும் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். அதனால் புகார் வாரியாகவே எழுதிவிடுகிறேன். உங்களுக்கு எது தொந்தரவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத வேலை முதலில், காசு பிடுங்கும் வேலை கடைசியில்.

ஒரே ஒரு நிபந்தனை. சோதனைகளை முடிக்கும்வரை கடைக்குப் போகாதீர்கள், ஆன்லைனிலும் எதையும் ஆர்டர் போடாதீர்கள். நான் பார்த்த பல அறைகளில் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றதே இடத்தை மிச்சப்படுத்துவதற்காக வாங்கிய சாமான்தான்.

தேவையானவை: அளவு டேப், சாக்பீஸ், பழைய நியூஸ்பேப்பர், செல்லோடேப், கட்டம் போட்ட கணக்கு நோட்டு. டேப் இல்லையென்றால் தரையைப் பாருங்கள். இப்போதைய ஃப்ளாட்களில் பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ்தான், எண்ணினாலே அறையின் அளவு கிடைத்துவிடும்.

கதவு முழுசாகத் திறக்கவில்லை, பக்கவாட்டில்தான் நடக்க முடிகிறது

முதலில் கதவுக்குப் பின்னால் பாருங்கள். கொக்கியில் தொங்கும் பை, பைக்குள் இன்னொரு பை, அதன் மேல் ஜீன்ஸ், கீழே துடைப்பம். இதை எடுத்தாலே கதவு சுவரைத் தொடும், சில வீடுகளில் வேலை இத்தோடு முடிந்துவிடும்.

முடியவில்லையா, அடுத்தது கட்டில். குயின் சைஸ் கட்டில் ஐந்தடி அகலம், ஆறரை அடி நீளம். பத்தடி அறையில் அதை நடுவில் போட்டால் இரண்டு பக்கமும் இரண்டரை அடி மிஞ்சும். நடந்து போகலாம், அதற்கு மேல் அந்த இரண்டு சந்துகளாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை. கட்டிலைச் சுவரோடு தள்ளினால் ஒரே பக்கம் ஐந்தடி கிடைக்கும், அங்கே ஒரு மேசையே போடலாம். உள்பக்கம் படுப்பவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும், அதுதான் இதில் உள்ள சங்கடம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் சுவரோரம் வசதிதான். ராத்திரி இரண்டு தடவை பாத்ரூம் போகும் பெரியவர்கள் படுக்கும் அறையென்றால் இந்த யோசனையே வேண்டாம்.

மூன்றாவது பீரோ. வழக்கமான இரும்பு பீரோ மூன்றடி அகலம், ஒன்றரை அடிக்குச் சற்றே கூடுதலான ஆழம். கதவு ஒவ்வொன்றும் ஒன்றரை அடிக்குத் திறக்கும், ஆள் நிற்கவும் இடம் வேண்டும், ஆக பீரோவுக்கு முன்னால் மூன்றடி காலியாக இருந்தால்தான் நிம்மதி. கட்டில் விளிம்பு அதற்குள் வருகிறதா என்று அளந்து பாருங்கள். ஒரு கதவை மட்டும் திறந்து, கட்டில் மேல் முட்டி போட்டுக்கொண்டு புடவை எடுக்கிற வீடுகள் எத்தனையோ.

இதையெல்லாம் சாமான்களை இழுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டாம், இடுப்பு பிடித்துக்கொள்ளும். கணக்கு நோட்டில் ஒரு கட்டம் அரை அடி என்று வைத்து அறையை வரையுங்கள். கட்டில், பீரோ, மேசை எல்லாவற்றையும் அதே அளவில் காகிதத்தில் வெட்டி நகர்த்திப் பாருங்கள். கதவு திறக்கும் வளைவையும் வரைந்துகொள்ள வேண்டும், பலரும் விட்டுவிடுவது அதைத்தான். வடக்கே தலை வைக்கக் கூடாது, பீரோ கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்கிற விஷயங்களில் வீட்டுப் பெரியவர்கள் உறுதியாக இருந்தால் அதையும் படத்தில் முதலிலேயே குறித்துவிடுங்கள். எல்லாவற்றையும் நகர்த்திய பிறகு அந்தப் பேச்சு வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகும்.

நகர்த்தியும் இடம் வரவில்லை என்றால்தான் செலவு. ஆறடி அகல கிங் சைஸ் கட்டில் இந்த அறைக்குப் பெரிது, ஐந்தடியோ நாலடியோ போதும். விருந்தாளிக்காக நிரந்தரமாக ஒரு கட்டிலை வைத்திருப்பதைவிட மடக்குக் கட்டிலோ சுருட்டி வைக்கும் மெத்தையோ மேல், நம் பாட்டி வீட்டில் பகலில் பாய் மூலையில் நிற்கும், அறை கூடமாகிவிடும். நகரும் கதவு போட்ட வார்ட்ரோப் இடத்தை மிச்சம் பிடிக்கும் என்று கடைக்காரர் சொல்வது பாதிதான் உண்மை. கதவு வீச்சு மிச்சம், ஆனால் அதன் ஆழம் இரண்டே கால் அடி வரை வரும், இரும்பு பீரோவைவிடத் தரையை அதிகம் பிடிக்கும்.

வாங்கப்போகும் எதுவானாலும் அதன் நீள அகலத்துக்கு நியூஸ்பேப்பரைத் தரையில் ஒட்டி இரண்டு நாள் சுற்றி நடந்து பாருங்கள். பேப்பரை மிதித்துக்கொண்டே இருந்தால் அந்தச் சாமான் வேண்டாம்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* அறைக்கதவின் கீலை மறுபக்கம் மாற்றுவது தச்சர் வேலை, பெரிய செலவில்லை. சுவரை இடிக்கும் யோசனை வந்தால் நேராகக் கட்டடப் பொறியாளர். கொத்தனார் "ஒண்ணும் ஆகாது சார்" என்று சொன்னால்கூட. பழைய வீடுகளில் ஒன்பது இன்ச் சுவர் மேல்தளத்தையே தாங்கிக்கொண்டிருக்கும்.

லைட் போட்டும் அறை இருட்டு

நடுப்பகலில் லைட்டை அணைத்துவிட்டு அறை நடுவில் நில்லுங்கள். பகலிலேயே இருட்டா, ராத்திரி மட்டும்தானா என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

*பகலிலும் இருட்டு என்றால்:* ஜன்னல் கொசுவலையைக் கழற்றிக் கழுவுங்கள். தூசி அடைத்த வலை சாப்பிடும் வெளிச்சம் கொஞ்சநஞ்சமல்ல, காற்றையும் சேர்த்தே சாப்பிடும். அடுத்து திரை. கம்பி ஜன்னல் அகலத்துக்குச் சரியாக இருந்தால், திரையை ஒதுக்கினாலும் அது கண்ணாடி மேலேயே நிற்கும். கம்பியை இரண்டு பக்கமும் ஆறு இன்ச் நீட்டிப் போட்டால் ஒதுக்கிய திரை சுவர் மேல் போய்விடும், ஜன்னல் முழுசாகக் கிடைக்கும். மூன்றாவது, கண்ணாடி. ஜன்னலுக்கு எதிரிலோ பக்கத்துச் சுவரிலோ பெரிய நிலைக்கண்ணாடி நன்றாக வேலை செய்யும். ஆனால் மாட்டும் முன் யாரையாவது கையில் பிடித்து நிற்கச் சொல்லி அதில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். துணிக் குவியல் தெரிந்தால் இனிமேல் உங்கள் வீட்டில் இரண்டு குவியல். வெளியே மூன்றடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர் இருக்கிறதென்றால், சன்ஷேடின் அடிப்பக்கத்துக்கும் உங்கள் காம்பவுண்டின் உள்பக்கத்துக்கும் வெள்ளை அடிப்பது நல்ல பலன் தரும். அறைக்குள் பெயின்ட் மாற்றுவது கடைசி.

*ராத்திரி மட்டும் இருட்டு என்றால்:* விளக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் பீரோ மேல். பீரோ நிழல் பாதி அறையை மூடிவிடும். அதே டியூபை இன்னும் பெரிதாக மாற்றினால் நிழலும் கருத்துப்போகும், அவ்வளவுதான். குறுக்கே எதிர்மூலையில் இன்னொரு சின்ன விளக்கு வையுங்கள். பல்ப் பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் நீலம் பாய்ந்த வெள்ளை, 3000 மஞ்சள், 4000 இரண்டுக்கும் நடுவே. படுக்கையறைக்கு நான் 4000 சொல்வேன், படுக்கும் பக்கத்து சின்ன விளக்குக்கு 3000.

மிக்ஸி போட்டால் விளக்கு மங்குகிறது, ஸ்விட்ச் போர்டு தொட்டால் சூடாக இருக்கிறது என்றால் அது அலங்காரப் பிரச்சினை இல்லை. எலக்ட்ரீஷியனை அன்றைக்கே கூப்பிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அடுக்கினால் புதன்கிழமை பழையபடி

ராத்திரி பத்து மணிக்கு, நாற்காலி மேலும் கட்டில் மேலும் என்ன கிடக்கிறது என்று போனில் படம் எடுங்கள். நாலைந்து நாள் எடுத்தால் போதும், ஒரே சாமான்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றுக்குத்தான் வீட்டில் இடமில்லை, மற்றதெல்லாம் சரியாகவே இருக்கிறது.

அநேகமாக அது ஒருதரம் உடுத்திய துணி. துவைக்கப் போட மனசில்லை, பீரோவில் வைக்கவும் மனசில்லை. அதற்கென்று பீரோ பக்கவாட்டில் ஒரு சின்னக் கம்பி அல்லது நாலு கொக்கி, நாலுக்கு மேல் வேண்டாம். அறைக்குக் குறுக்கே கொடி கட்டாதீர்கள், எவ்வளவு பெரிய அறையையும் கொடி சின்னதாக்கிவிடும். சார்ஜர், கண்ணாடி, மாத்திரை, சில்லறை என்றால் கட்டில் தலைமாட்டில் கையகலத் தட்டு ஒன்று போதும். அதற்காக டிராயர் வைத்த மேசை வாங்கினால் டிராயர் நிறைந்துவிடும், சாமான் மறுபடி மேசை மேல் வந்து உட்காரும்.

இன்னொரு காரணம், கைக்கு எட்டும் இடத்தையெல்லாம் எட்டவே தேவையில்லாத பொருட்கள் பிடித்துக்கொண்டிருப்பது. சீரில் வந்த பித்தளை அண்டா, கொலு பொம்மைப் பெட்டி, விருந்தாளி மெத்தை, டிவி வந்த அட்டைப் பெட்டி. கொலு பொம்மை வருஷத்துக்கு ஒருதரம் இறங்குகிறது, அது பரணின் ஆழத்துக்குப் போகலாம். கம்பளி, பெரிய பாத்திரம் பரணின் வாய்ப்பக்கம். காலி சூட்கேஸ் ஒன்றுக்குள் ஒன்று. அட்டைப் பெட்டி இல்லாவிட்டால் வாரண்டி போய்விடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, சர்வீஸுக்கு வருகிறவர் பெரும்பாலும் பில்லைத்தான் கேட்பார். பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பெட்டியைப் போகிக்கு வெளியே அனுப்புங்கள், கொளுத்த வேண்டாம், பழைய பேப்பர்காரருக்குப் போடுங்கள். பரணில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தால் ஒரு பொருளைத் தேடி எல்லாவற்றையும் இறக்க வேண்டியிருக்காது.

இத்தனைக்குப் பிறகும் இடம் போதவில்லை என்றால் கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்த பெட்டிகள், அதற்கும் மேல் பெட்டி வைத்த கட்டில், கடைசியாகத் தரையிலிருந்து கூரை வரை தச்சர் செய்யும் வார்ட்ரோப். வேண்டாததைக் கழித்துக் கட்டும் வேலை முடிந்த பிறகே தச்சரைக் கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் குப்பைக்கு வீடு கட்டியதாகிவிடும். பிளைவுட்டில் முத்திரையைப் பாருங்கள்: ஐஎஸ் 303 என்றால் சாதாரண வீட்டு வேலைக்கு, ஐஎஸ் 710 என்றால் தண்ணீர் தாங்கும் மரைன் வகை. பாத்ரூம் சுவரை ஒட்டி வருகிற வார்ட்ரோப்புக்கு இரண்டாவதை வாங்குவது நல்லது. பார்ட்டிகிள் போர்டு அங்கே வேண்டவே வேண்டாம், ஈரம் பட்டால் உப்பிவிடும், உப்பினால் திரும்ப வராது.

பரண் சுவரோடு சேரும் இடத்தில் விரிசல் ஓடியிருந்தால் முதலில் கனத்தை இறக்குங்கள், பிறகு ஆளைக் கூட்டி வந்து காட்டுங்கள்.

பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை வாடை, பெயின்ட் பொருமி உரிகிறது

சின்ன அறைகளில் அதிகம் காசைக் கரைக்கும் கோளாறு இதுதான். காரணம் தெரியாமல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பார்கள், அடுத்த மழைக்கு மறுபடி உரியும், மறுபடி பெயின்ட். வால்பேப்பர் ஒட்டி மறைத்த வீடும் உண்டு. உள்ளே கறுப்பாகப் பூத்திருக்கும்.

முதல் வேலை, பீரோவைச் சுவரிலிருந்து மூன்று இன்ச் தள்ளி வையுங்கள். காற்றுப் போகாத இடத்தில் வாடை வருவதற்கு ஓதம்கூடத் தேவையில்லை. இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள்.

போகவில்லையா, ஓரடிச் சதுரத்துக்குப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் இடைவெளியில்லாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள், இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் அறைப்பக்கம் நீர்த்துளி என்றால் ஈரம் அறைக் காற்றில் இருக்கிறது: உள்ளேயே துணி உலர்த்துவது, பாத்ரூம் கதவைத் திறந்து வைத்துக் குளிப்பது, ஏசி ஓடும் அறையில் ஜன்னலே திறக்காதது. பழக்கத்தை மாற்றினால் சரியாகும். சுவர்ப்பக்கம் ஈரம் என்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அப்போது ஓதம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

*கூரையோரம், மேல் மூலையில்:* மேல்மாடி வீடென்றால் மொட்டைமாடி. மழைநீர் வடியும் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதி நேரம் அதுதான். பிறகு தட்டோடுகளின் இடுக்கு. நடு மாடி வீடென்றால் மேல்வீட்டு பாத்ரூம். இதற்குப் பெயின்டர் வேண்டாம், மேல்வீட்டுக்காரரிடம் பேச்சுவார்த்தைதான் வேண்டும், அது பெயின்டைவிடக் கஷ்டம்.

*ஜன்னலைச் சுற்றி:* சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்து விரிசல், அல்லது ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி. ஏசியின் தண்ணீர்க் குழாய் வெளிச்சுவரில் சொட்டிக்கொண்டே இருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள்.

*நடுச்சுவரில் திட்டாக:* மறுபக்கம் பாத்ரூமா? இரண்டு நாள் அந்த பாத்ரூமில் குளிக்காமல் இருந்து பாருங்கள். திட்டு காய ஆரம்பித்தால் டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்குகிறது, இடுக்கைச் சுரண்டி எபாக்ஸி (நீர் புகாத பிசின் கலவை) அடைத்தால் பல வீடுகளில் நின்றுவிடும். குளிக்காமலே ஈரம் கூடினால் சுவருக்குள் குழாய் ஒழுகுகிறது, பிளம்பர்.

*தரையிலிருந்து இடுப்புயரம் வரை, வெள்ளையாக உப்புப் பூத்து:* தரைத்தள வீடு, மண்ணிலிருந்து ஏறும் ஓதம். இது நம் கையில் இல்லை. வாடகை வீடென்றால் அந்தச் சுவரை விட்டு மர சாமானை விலக்கி வைத்துவிட்டு உரிமையாளரிடம் சொல்லுங்கள். சொந்த வீடென்றால் நீர்த்தடுப்பு வேலை தெரிந்தவரை வைத்துப் பூச்சை உரித்துச் செய்ய வேண்டும். சுவர் முழுசாகக் காயாமல் மேலே என்ன பூசினாலும் கழன்றுவிடும்.

உடனே ஆள் வேண்டிய இரண்டு நிலைமைகள். ஈரச் சுவரைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிப்பது: மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன். கூரைப் பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிவது: கட்டிலை அங்கிருந்து நகர்த்திவிட்டுப் பொறியாளர்.

ராத்திரி ஒன்பது மணிக்கும் அனல்

ஃபேன் மெதுவாகச் சுற்றினால் முதலில் இறக்கைத் தூசியைத் துடையுங்கள், அப்புறம் கண்டென்சர். சாதாரண ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபேரட், விலை சொற்பம், எலக்ட்ரீஷியன் சில நிமிஷத்தில் மாற்றிவிடுவார். பரண் உள்ள அறையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நாலடி ஃபேன் நடுவிலிருந்து இரண்டடி வீசும். பத்தடி அறையில் சுவருக்கு மூன்றடி மிஞ்ச வேண்டும், ஆனால் இரண்டடி ஆழப் பரணுக்குக் கூரை வரை கதவு போட்டிருந்தால் மிஞ்சுவது ஒரே ஒரு அடி. காற்று முட்டிக்கொண்டு திரும்பும், சத்தமும் வரும். அங்கே மூன்றடி ஃபேன் போட்டுப் பாருங்கள்.

ஃபேன் சரி, ஆனாலும் அனல் என்றால் இருட்டிய பிறகு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். சுட்டால் கட்டில் தலைமாட்டை அந்தச் சுவரிலிருந்து எடுத்துவிட்டுப் பீரோவை அங்கே நிறுத்துங்கள், சூட்டில் கொஞ்சத்தை அது வாங்கிக்கொள்ளும். மேற்கு ஜன்னலுக்குத் திரையை உள்ளே கனமாகப் போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி கட்டுவது பலன் தரும், கண்ணாடிக்கு வெளியிலேயே வெயில் நின்றுவிடுகிறது. மேல்மாடி என்றால் மாடித்தரைக்கு வெள்ளைப் பூச்சு. விரிசலை அடைத்த பிறகுதான். ஏசி கடைசி. பத்துக்குப் பத்துக்கு ஒரு டன் வழக்கம், மேல்மாடியும் மேற்குச் சுவரும் சேர்ந்தால் வாங்கும் முன் டெக்னீஷியனிடம் அறையைக் காட்டிவிடுங்கள். அதற்குத் தனி பவர் லைன் வேண்டும், பழைய பிளக்கில் சொருகி ஓட்டக் கூடாது.

ஆணி நிற்கவில்லை, ஷெல்ஃப் ஆடுகிறது

தரையில் இடமில்லை என்று சுவருக்குப் போகிறோம், சுவர் ஒத்துழைக்க மறுக்கிறது. ஒட்டும் கொக்கி விழுகிறதென்றால் விரலால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். மாவு ஒட்டினால் சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ, அதில் எந்தக் கொக்கியும் நிற்காது. டைல்ஸிலும் பீரோ பக்கவாட்டிலும் ஒட்டுங்கள்.

டிரில் போட்டால் வரும் தூளைப் பாருங்கள். சிவப்பு என்றால் செங்கல், 6 மி.மீ. பிட், 6 மி.மீ. ராவல் பிளக் (ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை), இரண்டு இன்ச் ஸ்க்ரூ போதும். வெள்ளைச் சாம்பல் நிறத்தில் மிருதுவாக, வெண்ணெயில் இறங்குவதுபோல் பிட் இறங்கினால் லேசான சிமென்ட் பிளாக், அதற்கென்றே நீளமான பிளக் விற்கிறார்கள். சாம்பல் தூள், பிட் நகரவே இல்லை என்றால் கான்கிரீட் பீம், இடத்தை மாற்றுங்கள். ஓட்டை பெரிதாகிப் பிளக் சுற்றினால் 8 மி.மீ.க்குப் போங்கள், தீக்குச்சி செருகுவதெல்லாம் ஒரு மாசத்துக்குத்தான் தாங்கும்.

ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை போடவே கூடாது, ஒயர் அந்த வழியாகத்தான் போகிறது. பாத்ரூம் குழாய்க்கு நேர் மேலேயும் அப்படித்தான். புத்தக ஷெல்ஃப், டிவி போன்ற கனத்தை நாலரை இன்ச் தடுப்புச் சுவரில் மாட்டுவதென்றால் தச்சரையோ டிவி மாட்டும் ஆளையோ கூப்பிடுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் பார்க்க நன்றாக இல்லை

அறை வாசலில் நின்று போனில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எது முதலில் கண்ணை உறுத்துகிறதோ அதை எடுத்துவிட்டு மறுபடி எடுங்கள். பெரும்பாலும் அது பரண் கதவு, சுவரிலிருந்து தனித்துத் தெரியும். சுவரின் நிறத்தையே அதற்கும் அடித்தால் அடங்கிவிடும்.

அறை ரயில் பெட்டி மாதிரி நீளமென்றால் கட்டிலைக் கடைசியில் குறுக்காகப் போடுங்கள், கடைசிச் சுவருக்கு மட்டும் கொஞ்சம் அடர்ந்த நிறம். தரையில் பவானி ஜமுக்காளம் விரித்தால் பட்டைகள் அறையின் அகலவாக்கில் ஓடும்படி விரியுங்கள். படங்களைச் சின்னச் சின்னதாகப் பத்து மாட்டுவதைவிடப் பெரிதாக ஒன்று மேல், குடும்பப் படங்களை என்ன செய்வது என்று கேட்டால் அதற்கு ஹால் சுவர் இருக்கிறது.

இன்டீரியர் டிசைனர் தேவையா என்று கேட்கிறார்கள். ஒரே ஒரு அறைக்கு, மேலே சொன்னதெல்லாம் செய்தும் தீரவில்லை, தச்சு வேலைக்குப் பெரிய தொகை ஒதுக்கிவிட்டீர்கள் என்றால் தேவை. ஆலோசனைக்கு மட்டும் கட்டணம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டம் போட்ட நோட்டுப் படத்தையும், எது எது இடம் மாறக் கூடாது என்ற பட்டியலையும் கையோடு கொண்டு போங்கள்.